நகக்காரரின் கடைசி உருப்படி

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அவருடைய பெயர் மின்கட்டண ரசீதோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் நகக்காரர். இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். வலது கையில் மட்டும் நான்கு விரல்களுக்கு நகம் வளர்த்து, அரத்தால் தேய்த்து, மெருகேற்றி, கண்ணாடி போல வைத்திருப்பார். சுண்டுவிரலுக்கு அந்த யோகம் இல்லை; அவர் வாசிக்கிற வாத்தியத்தில் அதற்கு வேலை கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் அவரை மந்திரவாதி என்று சந்தேகிப்பார்கள். இரண்டாவது வாரம் சோம்பேறி என்று முடிவு கட்டுவார்கள். மூன்றாவது வாரம் மேல்மாடியிலிருந்து கிட்டார் சத்தம் கேட்கும். சந்தேகம் தீரும், இரக்கம் ஆரம்பமாகும்.

கிட்டார் என்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு துள்ளுகிற கிட்டார் இல்லை. இது செவ்வியல் கிட்டார். உட்கார்ந்து, இடது காலைக் குட்டிப் பலகை ஒன்றின் மேல் வைத்து, துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது. மின்சாரமும் கிடையாது, பாட்டும் கிடையாது, பெரும்பாலும் கூட்டமும் கிடையாது. விரல் நகமும் நைலான் தந்தியும் உரசுகிற இடத்தில்தான் இந்தக் கலை உயிர் வாழ்கிறது என்பார் அவர். அந்த இடம் ஒரு கடுகளவு. அவருடைய ஐம்பத்திரண்டு வயது வாழ்க்கையில் முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கடுகுக்குள் போயிருந்தது.

சாதனைகளைச் சொல்லாமல் விடுவது முறையில்லை. இசைக் கல்லூரியில் பட்டயம் வாங்கினார். அதே வருஷம் ஒரு போட்டியில் நான்காவதாக வந்தார். போட்டியிட்டவர்கள் ஐந்து பேர்; ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. வானொலியில் ஒரு முறை வாசித்தார். காலையில், வானிலை அறிக்கைக்கும் காய்கறி விலைக்கும் நடுவில் ஆறு நிமிஷம். அறிவிப்பாளர் அதை வீணை என்று சொல்லி முடித்தார். சொந்தக் காசில் முந்நூறு குறுந்தகடு போட்டார். நாற்பது போனது, அதில் முப்பத்தைந்து அன்பளிப்பு. மீதி இருநூற்று அறுபதும் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருந்து, ஆடுகிற மேசைக்கும் சாய்கிற அலமாரிக்கும் முட்டுக்கொடுத்து வந்தன. வீட்டில் எதுவும் ஆடாமல் நின்றதென்றால் அது அவருடைய கலையால்தான்.

மனைவி அவருக்கு நகத்தால் வந்தவள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மாதம் ஒரு தடவை இவர் போய் நகத்தைக் கெட்டிப்படுத்துகிற திரவம் ஒரு சீசா வாங்குவார். நான்காவது மாதம் அவள் கேட்டாள்.

"வீட்டம்மாவுக்கா?"

"எனக்கு."

அவள் ஒரு வாரம் சிரித்தாள். இரண்டு வருஷம் கழித்து அவரைக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் இருபத்து நான்கு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவியதும், பாட்டில் மூடி திறந்ததும், திருகாணி முறுக்கியதும், அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டதும் அவள்தான். வீடு தன்னால் நடக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்பும்படி நடத்தியது அவள் கெட்டிக்காரத்தனம்.

நடுவே பதினோரு வருஷம் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் மாலை நேர வாசிப்பு. செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி. ஈரக்குடையை அவருடைய கிட்டார் பெட்டிமேல் சாத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்காத நாள் கிடையாது. மேனேஜர் மட்டும் வாசிப்பைக் கூர்ந்து கவனித்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிங்க. ஃபவுண்டன் சத்தம் கேக்க மாட்டேங்குது."

போன வருஷம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு ஒலிபெருக்கி வைத்தார்கள். அது கழிப்பறைக்கு வழி சொல்லாது என்பதைத் தவிர வேறு குறை யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வருவது அதிகமானது. அவருக்குத் தரை ஓடு விற்கிற பெரிய கடை இருந்தது. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

"மாப்ள, சரக்கு வரும்போது நின்னு பாக்க ஒரு ஆள் வேணும். டைல்ஸ் பொட்டிய அப்படி இப்படித் தூக்கி வைக்கணும். நகத்த வெட்டிட்டு வாங்க, போதும்."

"பாக்கலாம் மச்சான்."

"இருபத்து நாலு வருஷமா பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க. நகம்தான் வளருது."

இந்த நேரத்தில்தான் சங்கீத சபையிலிருந்து தொலைபேசி வந்தது. ஊரில் எண்பது நாற்காலி போட்ட சிறிய அரங்கம் அந்தச் சபைக்கு உண்டு. தனிக் கச்சேரி கேட்டு இவர் பத்தொன்பது வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். சபைச் செயலாளர் பேசினார்.

"வயலின்காரருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ஆறு வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. நீங்க ஃப்ரீயா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் இவர், மரியாதைக்காக. நான்கு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

அந்தச் செயலாளரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கச்சேரி முடிந்ததும் கலைஞரிடம் வருவார். பிடிக்கவில்லை என்றால் "ரொம்ப நன்றி" என்று கும்பிடுவார். பிடித்திருந்தால் கோட்டுப் பையிலிருந்து நீலநிற டைரியை எடுத்து அடுத்த வருஷத்துக்கு நாள் குறிப்பார். ஊரில் உள்ள வாத்தியக்காரர்கள் அத்தனை பேருக்கும் டைரி வந்ததா வரவில்லையா என்பதுதான் கணக்கு. நகக்காரர் உணர்ச்சிவசப்பட்டு மச்சானிடம் வாயைக் கொடுத்துவிட்டார்.

"டைரி வெளிய வரலேன்னா, திங்கக்கிழமை காலையில நானே நகத்த வெட்டிட்டு கடைக்கு வந்துடறேன். சரியா?"

"டைரியா?" என்றார் மச்சான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை மட்டும் புரிந்தது. "சரி மாப்ள. பேச்சு மாறக் கூடாது."

நான்காம் நாள் மனைவி தடுக்கி விழுந்தாள். நடுக்கூடத்தில் இவர் எடுத்து வைக்க மறந்த அந்தக் குட்டிக் கால் பலகைதான் காரணம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம்.

அந்த நாட்களில் நகக்காரர் குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்றினார் என்று சொல்லலாம், கையில் ஏற்றவில்லை. பாத்திரம் கழுவத் தடித்த கையுறை வாங்கினார், பாத்திரம் ஊறிக்கொண்டே இருந்தது. பாட்டில் மூடிகளைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினார். முட்டையை இடது கையால் உடைத்து, ஓட்டோடு பொரித்தார். மனைவி ஓட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"நல்லாருக்கா?"

"சுண்ணாம்புச் சத்து. எலும்பு சீக்கிரம் கூடும்."

நகங்கள் மட்டும் நாளொரு மேனியாக வளர்ந்தன. கச்சேரியின் கடைசி உருப்படிக்கு அவை வேண்டும். மூன்று விரல்கள் ஒரே தந்தியை மாறி மாறி, மிக வேகமாகத் தட்ட, கட்டைவிரல் கீழே தனியாக ஒரு மெட்டு நடத்தும். சரியாக வந்தால் ஓட்டுக்கூரையில் மழை பெய்வது போல இருக்கும். ஒரு நகம் குறைந்தால் கூரையில் ஒழுகுவது போல இருக்கும். முப்பத்து நான்கு வருஷத்தில் அவருக்கு நிஜமாகவே நன்றாக வருகிற ஒன்று அந்த மழைதான். எல்லாக் கிண்டலையும் ஓரமாக வைத்துவிட்டு இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் மூன்றரை. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மோதிர விரல் நகத்துக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க! தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. வெளிய வர முடியல."

"நல்லா இழுத்துப் பாரு."

"இழுக்கிற கையிலதான் மாவுக்கட்டு போட்டிருக்கு."

அவர் எழுந்து போய்க் கதவின் முன்னால் நின்றார். வெளிப்பக்கக் கைப்பிடியைத் தொட்டதும் அது கழன்று அவர் கையோடு வந்தது. உள்ளே இரும்புத் தாழ் கோணலாகச் சிக்கியிருப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

"எப்படி இப்படி ஆச்சு?"

"ஏழு வருஷமா அந்தத் திருகாணிய மாசாமாசம் முறுக்கிட்டிருந்தது நான். அஞ்சு வாரமா என் கை கட்டுல இருக்கு. இந்த வீட்ல கேக்க ஆளில்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

தச்சருக்குத் தொலைபேசி போட்டார். தச்சர் நாளைக்கு வருவதாகச் சொன்னார். எதிர்வீடும் கீழ்வீடும் பூட்டியிருந்தன. மச்சானைக் கூப்பிட்டார்.

"ஊருக்கு வெளிய இருக்கேன் மாப்ள. ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன். நீங்களே ஒரு இழு இழுங்களேன்! நாளைக்கு எப்படியும் வெட்டப்போற நகம்தானே?"

இடது கை விரலை இடுக்கில் விட்டுப் பார்த்தார்; ஒட்ட வெட்டிய நகத்துக்குத் தாழ் சிக்கவில்லை. அதே கையில் கரண்டியைப் பிடித்து நெம்பினார். கரண்டி வளைந்தது. கத்தியை நுழைத்தார். கத்தி உள்ளே போய் விழுந்தது.

"காய் நறுக்கணுமா?" என்று கேட்டாள் உள்ளிருந்து.

மணி நாலரை. அரங்கத்துக்கு நாற்பது நிமிஷப் பயணம். அவர் கையைப் பிசையக்கூட முடியாமல், நகத்துக்காகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"நீங்க கிளம்புங்க," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கச்சேரி முடிச்சிட்டு வந்து திறங்க. இங்க எனக்கென்ன குறை? தண்ணி இருக்கு, லைட் இருக்கு. குழாயத் திறந்தா ஃபவுண்டன். நீங்க பதினோரு வருஷம் உக்காந்த எடம் மாதிரிதான்."

மறைப்பானேன், அவர் யோசித்தார். முழுசாக இரண்டு நொடி. மூன்றாவது நொடியில் அவருக்கே தன்மேல் வெட்கம் வந்தது. வலது கை விரல்களைக் கதவிடுக்கில் விட்டு, தாழின் விளிம்பைப் பற்றி, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தது. தாழ் பெயர்ந்தது, கதவு திறந்தது, அவர் மல்லாந்து விழுந்தார்.

மனைவி வெளியே வந்து தரையைப் பார்த்தாள். கதவுத் தூள், இரண்டு திருகாணி, இரண்டு நகம்.

"எந்த விரல்?"

"நடுவிரல், மோதிர விரல்."

"மழை?"

"மழைதான்."

"வேற எதாவது வாசிங்களேன்."

"நோட்டீஸ்ல அச்சடிச்சிட்டாங்க."

இதற்கெல்லாம் இந்தத் தொழிலில் ஒரு முதலுதவி உண்டு. கிட்டார் பெட்டியின் மூலையில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தும் சூப்பர் க்ளூவும் கிடக்கும். பந்தை நக வடிவில் கத்தரித்து, உடைந்த நகத்தின் மேல் ஒட்டி, அரத்தால் தேய்த்துவிட்டால் அசல் நகம்போலவே வேலை செய்யும். பசை இறுக ஒரு ராத்திரி விடவேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. இவர்களுக்கு ஒரு டாக்ஸிப் பயணம் இருந்தது. மனைவி இடது கையால் கத்தரித்து, மருந்துக் கடைப் பொறுமையோடு ஒட்டினாள். பந்தில் அச்சிட்டிருந்த மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் சரியாக மோதிர விரல் நகத்தில் வந்து உட்கார்ந்தன.

"த்ரீ ஸ்டார்," என்றாள். "ஹோட்டலவிட ரெண்டு கம்மி."

அரங்கத்தில் எண்பது நாற்காலிக்கு முப்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேர் வெளியே தூறல் நிற்கட்டும் என்று வந்தவர்கள். இத்தனை வருஷமும் அவர் எங்கே வாசித்தாலும் கடைசி வரிசையில் நின்று கதவு சாத்திக்கொண்டிருந்த மனைவி, கட்டுப்போட்ட கையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். செயலாளர் ஓரத்தில் நின்றார். கோட்டுப் பையில் டைரியின் நீல முனை தெரிந்தது. நகக்காரரின் பார்வை முன்னாலிருந்த இசைக்குறிப்பைவிட அந்தப் பையில்தான் அதிகம் இருந்தது.

நான்கு உருப்படி தாண்டியது. ஐந்தாவது, மழை. தொடங்கி ஒரு நிமிஷம் நன்றாகவே பெய்தது. அதற்குள் மோதிர விரலில் ஏதோ லேசாக விட்டதுபோல் இருந்தது. த்ரீ ஸ்டார் நகம் பறந்து, மேடை விளக்கில் ஒரு தடவை மின்னி, கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் போய் விழுந்தது.

உள்ளே விழுந்தது சும்மா கிடந்தால் தேவலை. கட்டைவிரல் கனத்த தந்தியைத் தட்டும்போதெல்லாம் அது கிட்டாரின் வயிற்றுக்குள் கிடுகிடுவென்று ஆடியது. மேலே பாதி மழை, உள்ளே வண்டு. அவர் நிறுத்தினார். கிட்டாரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக் குலுக்கினார். வரவில்லை. இடம் வலமாகக் குலுக்கினார். கிடுகிடு, கிடுகிடு. எழுந்து நின்று, ஜாடியில் கடைசிச் சர்க்கரையைத் தட்டுகிறவரைப்போல் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். நகம் வெளியே விழுந்து, மேடையில் இரண்டு தரம் துள்ளி, அடங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மாதிரி அரங்கங்களில் எது சிரிப்பு, எது கலை என்று உறுதியாகத் தெரியாதவர்கள்தான் வருவார்கள். தப்பான இடத்தில் சிரித்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம் முப்பத்தொரு பேருக்கும் சமமாக இருந்தது. ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நடுவிரலில் இருந்த பந்துத் துண்டையும் பல்லால் பிய்த்து எறிந்தார். உட்கார்ந்தார். வெறும் விரல் சதையால், வேகத்தைப் பாதியாக்கி, மழையை முதலிலிருந்து வாசித்தார். மினுக்கும் இல்லை, கூர்மையும் இல்லை. மழை நின்ற பிறகு மரம் சொட்டுவது போல இருந்தது. அந்த நாலு நிமிஷமும் அவர் செயலாளரின் பையைப் பார்க்க மறந்துபோனார்.

கைதட்டல் வந்தது. செயலாளரும் வந்தார். கை கோட்டுப் பைக்குள் போனது. வெளியே வந்தது கைக்குட்டை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். நகக்காரருக்குத் தரை ஓட்டுப் பெட்டிகள் கண்முன்னால் வரிசையாக அடுக்கிக்கொண்டன.

"அந்தக் கடைசி உருப்படி..." என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. "தலைகீழாப் பிடிச்சு ஒரு பகுதி வந்துச்சே. அந்தக் கிடுகிடு. அப்புறம் அந்த அமைதி. ரொம்பப் புதுசு சார். இது யார் எழுதினது?"

முப்பத்து நான்கு வருஷம் ஒழுங்காக வாசித்ததற்கு வராத மரியாதை அந்தக் குரலில் இருந்தது. நகக்காரர் யோக்கியர், அதுதான் அவர் முன்னேறாததற்கும் காரணம். உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தார்.

"அது ஒண்ணுமில்ல சார். அது நகம்."

"நகம்!" செயலாளர் அந்தச் சொல்லைச் சுவைத்துப் பார்த்தார். "நல்ல தலைப்பு. எழுதினது?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற மனைவி. "இன்னிக்கு மத்தியானம். பாத்ரூம்ல."

செயலாளர் மரியாதையாகத் தலையாட்டினார். நீல டைரி வெளியே வந்தது. "அடுத்த வருஷம் இதே மாசம். இந்த உருப்படி கண்டிப்பா இருக்கணும்," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். வயலின்காரரின் முதுகு அதற்குள் சரியாகிவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

திங்கட்கிழமை காலை மச்சான் வந்தார், கையில் புது நகவெட்டியோடு.

"டைரி வந்துச்சாமே மாப்ள?"

"வந்துச்சு மச்சான்."

"எதுக்குக் குடுத்தான்?"

"கிட்டாரக் குலுக்கினதுக்கு."

"அத நானே பண்ணுவேனே!"

"நீங்க பண்ணுவீங்க அண்ணா," என்றாள் தங்கை. "யாரு கூப்பிடுவா?"

மச்சான் விடவில்லை. "சரி, பேச்சு பேச்சுதான். ஆனா நகம் வளர மூணு மாசம் ஆகுமில்ல? அதுவரைக்கும் மனுஷன் சும்மாதானே இருக்கப்போறாரு? கடைக்கு அனுப்பு."

"சும்மாவா?" அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இடது கையால் கோணல்மாணலாக எழுதிய பட்டியலை எடுத்து நீட்டினாள். "இருபத்து மூணு வேலை இருக்கு. இந்த மனுஷனுக்கு நகக் கவலையில்லாத கை கிடைச்சிருக்கு அண்ணா, இருபத்து நாலு வருஷத்துல முதல் தடவை. உங்களுக்கு வாடகைக்கு விட முடியாது."

நகக்காரர் குளியலறைக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஸ்க்ரூடிரைவர். அவர் திருகிய திருகாணி உள்ளே போகாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒன்று, தாழ்ப்பாள். இரண்டு, ஜாம் பாட்டில். நான்கு, மின்விசிறி துடைப்பது. பதினொன்று, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள். இருபத்து மூன்றில் கண் நின்றது. நேற்றைய கடைசி உருப்படி, நகம் வளர்வதற்குள் இன்னொரு தடவை, வீட்டில், குலுக்காமல்.

"இதுவும் வேலையா?" என்று கேட்டார்.

"பின்ன? ஆனா வரிசையாத்தான் வரணும். இப்ப அதை வலது பக்கமாத் திருப்புங்க."